கையைச் சுட்டுக்கொண்டு கற்ற மோக்கா பாட் காபி

பில்டர் காபிக்கென்று அரைத்த, சிக்கரி கலந்த நைஸ் தூளை மோக்கா பாட் என்ற அடுப்புக் காபிப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். வாங்கும்போது இந்த ஒரு வரியை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் என் வலது முன்கையில் இப்போதிருக்கும் தழும்பு இருந்திருக்காது. விற்றவர் சொல்லவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்திலும் அது இல்லை. ஐந்தாறு மொழிகளில் பொடி எழுத்தில் அச்சடித்த பொதுவான எச்சரிக்கைகள் மட்டுமே இருந்தன. தேடியபோது கிடைத்த வீடியோக்களில் பேசியவர்கள் அநேகமாக எல்லாருமே வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் கடையில் காபித்தூள் என்று வாங்கினால் அது காபி மட்டும்தான். நம் ஊர்க் கடையில் காபித்தூள் கேட்டால், "சிக்கரி எவ்வளவு?" என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த வித்தியாசத்தை அவர்கள் வந்து நமக்குச் சொல்ல முடியாது, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். காலை ஆறரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். ஊரில் இருந்தவரை அம்மா இரவே பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவார். காலையில் எழுந்தால் கெட்டியான முதல் டிகாஷன் தயாராக இருக்கும். இங்கே நான் வேலை முடிந்து வீடு வந்து சேரும் நேரத்தில் மறுநாள் டிகாஷனைப் பற்றி நினைக்கத் தெம்பு இருப்பதில்லை. காலையில் போட்டாலோ அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். உடனடிக் காபித்தூளில் எனக்கு மனம் ஒட்டவே இல்லை. ஸ்ட்ராங்காக ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. இந்த நிலையில்தான் ஐந்தே நிமிடத்தில் அடுப்பிலேயே எஸ்பிரெஸ்ஸோ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு ஒரு மோக்கா பாட் வாங்கினேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் மரை போட்டுத் திருகிச் சேர்க்கும் இரண்டு பாகங்கள். கீழ்ப் பாகத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குள் இறங்கும் புனல் ஒன்று உண்டு. புனலின் மேல்வாய் ஒரு சிறிய கிண்ணமாக விரியும், தூள் அதில் போகும். மேல் பாகத்தின் அடியில் ஒரு வாஷரும் சல்லடைத் தகடும் இருக்கும். தண்ணீர் சூடாகும்போது கீழே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து தண்ணீரைப் புனல் வழியாக மேலே தள்ளும். தண்ணீர் தூளை ஊடுருவி, மேல் பாகத்தின் நடுவே நிற்கும் குழாய் வழியாகக் காபியாக வழியும். எல்லாத் தண்ணீரும் கொதித்து முடிந்த பிறகுதான் ஏறும் என்று நினைக்க வேண்டாம். கொதிநிலைக்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். கீழ்ப் பாகத்தின் பக்கவாட்டில் பித்தளை நிறத்தில் ஒரு சிறிய திருகு போல இருப்பதுதான் சேஃப்டி வால்வு. பிரஷர் குக்கரில் இருப்பது போலவே இதற்கும் வேலை ஒன்றுதான்: வழி அடைத்துக்கொண்டால் அழுத்தத்தை வெளியே விட வேண்டும். இந்தக் கதையில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதல் ஏமாற்றம் அளவில் வந்தது. '6 கப்' என்று போட்டிருந்தார்கள். இந்தக் கணக்கில் ஒரு கப் என்பது ஏறத்தாழ 50 மில்லி, இத்தாலியர்கள் பால் இல்லாமல் இரண்டு மடக்கில் குடிக்கும் சின்னக் கோப்பை. ஆறு கப் பாட்டில் சுமார் 300 மில்லி தண்ணீர் பிடிக்கும், 30 கிராம் அளவுக்குத் தூள் வேண்டும். இருப்பது ஒரு ஆள் என்பதால் பாதி போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அது சரிப்படாது. கிண்ணம் நிறையத் தூள் இருந்தால்தான் தண்ணீர் சீராக ஊடுருவும். பாதிக் கிண்ணத்தில் தூள் ஒரு பக்கம் ஒதுங்கி, தண்ணீர் மறுபக்கம் வழி கண்டுபிடித்து ஓடிவிடும். வருவது சாயத் தண்ணீர்தான். பால் கலந்து குடிக்கும் நமக்கு 3 கப் பாட் போதும். அதில் இறங்கும் 110, 120 மில்லி டிகாஷனைப் பாலோடு சேர்த்தால் இரண்டு தம்ளர் கெட்டிக் காபி, சற்று இளக்கமாகக் குடிப்பவர்களுக்கு மூன்று தம்ளர். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்குத்தான் 6 கப்.

இரண்டாவது ஏமாற்றம் அடுப்பில். என்னிடம் காலை நேரத்துக்கு இண்டக்ஷன் அடுப்பும், சமையலுக்கு ஒரு கேஸ் அடுப்பும் இருக்கின்றன. பாட் அலுமினியம். இண்டக்ஷன் அடுப்பு காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் ஏற்கும் என்பதால், வைத்தவுடன் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. இதற்கென்று இடையில் வைக்கும் இரும்புத் தட்டு விற்கிறார்கள், 650 ரூபாய். அதையும் வாங்கினேன். தட்டு பழுக்கக் காய்ந்தது. சூடு பாட்டுக்கு ஏறுவதற்குள் அடுப்பே தன்னை அணைத்துக்கொண்டது. வீட்டில் இண்டக்ஷன் மட்டுமே இருப்பவர்கள் இந்தத் தட்டில் பணத்தைப் போடாமல், அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்றது என்று தெளிவாகக் குறித்திருக்கும் ஸ்டீல் மோக்கா பாட்டாக வாங்குவது நல்லது. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறிய பாட்டின் அடி அகலம் மிகக் குறைவு. சில இண்டக்ஷன் அடுப்புகள் அவ்வளவு சிறிய பாத்திரத்தை உணராது. வீட்டில் இருக்கும் சிறிய எவர்சில்வர் கிண்ணங்களில் அடியில் காந்தம் ஒட்டுவதாகப் பார்த்து, ஏறக்குறைய அதே அகலமுள்ள ஒன்றில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

கடைசியில் கேஸ் அடுப்புக்கே வந்தேன். தூள் வழக்கமாக வாங்கும் கடையில் வாங்கியது. நூறில் நாற்பது பங்கு சிக்கரி, பில்டருக்காக நைஸாக அரைத்தது. நம் ஊரில் அது சாதாரணமான கலவை. காபி சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டுச் சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி போடலாம், விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பில்டரில் சிக்கரி நல்ல வேலை செய்கிறது. அந்த வறுத்த கிழங்குப் பொடி தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுப்பாகி, வெந்நீர் சட்டென்று இறங்கிவிடாமல் பிடித்து வைக்கிறது. டிகாஷன் கெட்டியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மோக்கா பாட்டில் அதே குணம் எதிரியாகிவிடும். கீழிருந்து அழுத்தத்தோடு ஏறும் தண்ணீருக்கு அந்தப் பிசுபிசுப்பு மூடி போட்டுவிடுகிறது. இத்தனையும் பிறகு தெரிந்துகொண்டது.

அன்று மாலை தூளை நிரப்பி, இறுக்கித் திருகி, சிறிய பர்னரில் குறைந்த தீயில் வைத்தேன். நான்கைந்து நிமிடத்தில் குழாய் வாயில் காபி கசிய வேண்டும். கசியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் குழாயின் நுனியில் ஒரு பழுப்புக் குமிழ் வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு சீறல் கேட்டது. இரண்டு பாகமும் சேரும் இடத்தில் நுரை பூத்தது. அடுப்பை அணைக்கத் திருகை நோக்கிக் கையை நீட்டினேன். அந்த நேரத்தில் வாஷர் ஒரு பக்கம் பிதுங்கிக்கொள்ள, கொதிக்கும் தண்ணீரும் தூளும் ஆவியுமாகப் பீச்சி அடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பட்டது. சுவரில் டைல்ஸ் முடியும் உயரத்துக்கும் மேலே பழுப்புக் கோடுகள். முகத்தில் படாதது தெய்வச் செயல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இடது கையால் அதை அணைத்த பிறகுதான் வலியே தெரிந்தது. தெரிந்ததும் பயந்துபோய் வாய்விட்டு அழுதேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சுட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள், இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், பேனா மை வேண்டாம், எண்ணெயும் நெய்யும் வேண்டாம். ஓடுகிற சாதாரணத் தண்ணீர் போதும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தது, அதனால் காயம் ஆழமாகவில்லை என்று மருத்துவர் சொன்னார். கீழ் வீட்டு அக்கா ஓடி வந்து, "மஞ்சள் வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவருடைய பதற்றம் புரிந்தது. "வேண்டாம் அக்கா, ஆட்டோ மட்டும் பிடித்துக் கொடுங்கள்" என்றேன். மருத்துவருக்கும் கட்டுக்கும் மருந்துக்கும் 1,800 ரூபாய் ஆனது. அதைவிடக் கஷ்டம், வலது கையில் கட்டோடு தலை வாரிக்கொள்ளக்கூட முடியாமல் தனி வீட்டில் இருந்தது. சமைக்க முடியாமல் ஹோட்டல் சாப்பாடு. எடுத்த விடுமுறைக்குச் சம்பளப் பிடித்தம் வேறு.

பாட் முழுதாக ஆறிய பிறகு திறந்து பார்த்தேன். கிண்ணத்தில் தூள் பிசைந்த கேழ்வரகு மாவைப் போல ஒரே உருண்டையாக இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமானது வால்வு. ஈர்க்குச்சியை உள்ளே விட்டு அழுத்தினேன், ஸ்பிரிங் அசையவே இல்லை. அது முதலிலிருந்தே சிக்கிக்கொண்டிருந்த வால்வு. தூள் அடைத்துக்கொண்டபோது அது திறந்திருந்தால் பக்கவாட்டில் ஆவி சீறியிருக்கும், காபி கெட்டிருக்கும், என் கை தப்பியிருக்கும். விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து, விடாமல் தொடர்ந்த பிறகு பாட்டின் விலை மட்டும் திரும்பி வந்தது. தட்டு, மருத்துவம், வீணாகக் கொட்டிய 600 ரூபாய்த் தூள் எல்லாம் போனதுதான். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்சலைப் பிரிப்பதையே வீடியோ எடுத்து வையுங்கள். வால்வையும் மரையையும் அன்றே சோதித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுத்துவிடுங்கள்.

தூக்கிப் போட்டுவிடு என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. ஒரு கருவி இவ்வளவு ஆபத்தானதாக இருந்தால் அதை உலகம் எப்படி இத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கும் என்ற கேள்வி குடைந்தது. கட்டோடு உட்கார்ந்து படித்ததில் அதற்குப் பதில் கிடைத்தது. 1933-இல் இத்தாலியில், ஒமேனியா ஊரை ஒட்டிய குருசினால்லோவில் அலுமினியப் பட்டறை வைத்திருந்த அல்ஃபோன்சோ பியாலெட்டி கொண்டுவந்த பாத்திரம் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர் மகன் ரெனாட்டோ அதைப் பெரிய அளவில் தயாரித்து விற்க, இத்தாலிய வீடுகளில் அது சமையலறைச் சாமானாகவே ஆகிவிட்டது. ரெனாட்டோ 2016-இல் இறந்தபோது அவருடைய அஸ்தியைப் பெரிய மோக்கா பாட் ஒன்றில்தான் வைத்து அடக்கம் செய்தார்கள். ஒரு மனிதர் தன் வாழ்நாள் உழைப்பை அப்படி நேசித்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அதே பாட்டைப் பார்த்து யாரோ எங்கோ வால்வு வேலை செய்யாமல் வார்த்து விற்கும் போலி மீதுதான் என் கோபமெல்லாம் திரும்பியது. கொஞ்சம் பணம் சேர்த்து, நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான விலையில் அசல் இத்தாலியத் தயாரிப்பு ஒன்றை, 3 கப் அளவில், கடையிலேயே நேரில் பார்த்து வாங்கினேன்.

நேரில் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். இரண்டு பாகத்தையும் திருகிப் பாருங்கள். மரை எங்கும் பிடிக்காமல் வழுவழுவென்று ஏற வேண்டும். புனலை எடுத்து அதன் விளிம்பைச் சமமான மேசை மேல் கவிழ்த்து வையுங்கள், ஆடக் கூடாது. விளிம்பு நெளிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆவி கசியும். வாஷர் விரலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். வால்வின் நடுவே ஒரு சிறிய முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகைதான் என் தேர்வு. அதை விரலால் அசைத்துப் பார்த்தாலே சிக்கியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், கழுவும்போதெல்லாம் அசைத்துவிட்டால் உப்புப் படியாது. முள் இல்லாத வகையானால் மெல்லிய குச்சியால் உள்ளிருந்து அழுத்திப் பாருங்கள், ஸ்பிரிங் உள்வாங்கித் திரும்ப வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் தூள் இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். சேரும் இடத்தில் ஆவி வராவிட்டால் நல்லது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை தூள் போட்டு இறக்கிக் கீழே கொட்டிவிட வேண்டும், புது அலுமினியத்தின் வாடை போவதற்காக. அதற்கு நல்ல தூளைச் செலவழிக்க வேண்டாம். சிக்கரி கலக்காத பழைய தூள் இருந்தால் போதும்.

தூளுக்கு வருவோம். காபியின் ருசியில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. காபிக்கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்குப் போய், சிக்கரி இல்லாமல் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். என் கடைப் பெரியவர், "சிக்கரி இல்லாவிட்டால் காபியில் கனம் இருக்காதே அம்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நாம் குடித்துப் பழகியது அந்தக் கனம்தான். அதற்கு அவரே ஒரு வழி சொன்னார்: முழுக்க அராபிகா வகைக் கொட்டையாக இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு ரோபஸ்டா வகை சேர்ப்பது. ரோபஸ்டாவில் காஃபீன் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கசப்பும் கனமும் கூடுதல். பாலில் கலந்தாலும் நிறம் வெளுக்காது. இப்போது நான் அராபிகாவில் பிளான்டேஷன் ஏ என்ற தரம் இரண்டு பங்கு, ரோபஸ்டா ஒரு பங்கு வாங்குகிறேன். கறுப்பாகக் குடிப்பவர்கள் அராபிகாவோடு நின்றுவிடலாம். பீபெரி எனும் ஒற்றை உருண்டைக் கொட்டை கிடைத்தால் அதையும் பாருங்கள். கருக வறுத்த கொட்டை வேண்டாம். மோக்கா பாட் கசப்பைத் தூக்கிக் காட்டும் பாத்திரம், நடுத்தர வறுவல் போதும். அரைப்பதில் கடைக்காரரிடம், பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு நூல் கரகரப்பாக என்று சொல்லுங்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் எண்ணும் வேறு என்பதால் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் பொடி உப்பின் அளவில் மணிகள் தட்டுப்பட வேண்டும். விரலில் மாவாக ஒட்டினால் நைஸ் அதிகம், அடைக்கும். ரவையாக உருண்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். நூறு நூறு கிராமாக வாங்குங்கள், அரைத்த தூளின் வாசம் வேகமாகப் போய்விடும்.

இனி காபி போடும் முறை. தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, கீழ்ப் பாகத்தில் வால்வுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுகிறேன். வால்வு தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. இத்தாலிய வீடுகளில் பலரும் பச்சைத் தண்ணீரில்தான் தொடங்குகிறார்கள், அது தவறில்லை. ஆனால் தண்ணீர் சூடாகும் வரை அலுமினியத்தின் சூட்டில் தூளும் வெந்துகொண்டிருக்கும். எனக்கு அந்தத் தீய்ந்த வாடை பிடிக்கவில்லை, வெந்நீரில் தொடங்கினால் அது இல்லை. புனலை இறக்கி, கிண்ணத்தில் தூளைக் கரண்டியால் தூவி நிரப்பி, கிண்ணத்தை மெல்லத் தட்டி மட்டமாக்க வேண்டும். பில்டரில் குடை வைத்து அழுத்துவது போல இங்கே அழுத்தவே கூடாது. 3 கப் அளவுக்கு 15 முதல் 17 கிராம் தூள் பிடிக்கும். விளிம்பில் ஒட்டிய தூளை விரலால் துடைத்துவிடுங்கள்; ஒரு துணுக்கு இருந்தாலும் வாஷர் சரியாக உட்காராது. வெந்நீர் ஊற்றியிருப்பதால் கீழ்ப் பாகம் சுடும். ஈரம் இல்லாத துணியால் பிடித்துக்கொண்டு திருகுங்கள். கைப்பிடியைப் பிடித்து முறுக்காதீர்கள், நாளடைவில் அது கழன்றுவிடும்.

சிறிய பர்னர், மிகக் குறைந்த தீ. நம் ஊர் கேஸ் அடுப்பின் தாங்கிகள் குண்டானுக்கும் குக்கருக்கும் ஏற்றபடி அகலமாக இருக்கும், சின்னப் பாட் அதில் சாய்ந்து நிற்கும். பாத்திரக் கடையில் அதன் மேல் வைக்கும் சிறிய கம்பித் தாங்கி கிடைக்கிறது, அவசியம் வாங்குங்கள். தீ பாட்டின் அடியை விட்டு வெளியே நீளக் கூடாது; நீண்டால் கைப்பிடியின் கறுப்பு பிளாஸ்டிக் உருகும். மூடியைத் திறந்தே வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். முதலில் வருவது தேன் பதத்தில் கருமையாக மெல்ல வழியும். காபியின் உயிர் அதில் இருக்கிறது. பிறகு நிறம் இளகிக்கொண்டே வரும். வைக்கோல் நிறத்துக்கு வந்து, களகளவென்று சத்தம் தொடங்கும் முன் இறக்கிவிட வேண்டும். அந்தச் சத்தம் கீழே தண்ணீர் தீர்ந்து ஆவி ஏறுவதன் அடையாளம். அந்த ஆவிதான் தூளிலிருந்து காரமான கசப்பை இழுத்து வந்து மொத்தத்தையும் கெடுக்கிறது. இறக்கியதும் பாட்டின் அடியை மட்டும் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஏறுவது உடனே நிற்கும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இதை மட்டும் விளம்பரம் உண்மையாகச் சொன்னது.

வெந்நீரில் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால், காத்திருக்காதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். அடுப்பின் திருகை மட்டும் அணைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு விலகுங்கள். வீட்டில் சிலிண்டர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் ரெகுலேட்டரை அணைப்பது இன்னும் பத்திரம், பாட் பக்கம் கை போக வேண்டியதே இல்லை. சூட்டோடு அதைத் தூக்கவோ திருகித் திறக்கவோ கூடாது. அரை மணி நேரமானாலும் முழுதாக ஆற வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை உள் பக்கத்து பர்னரில்தான் வைக்க வேண்டும்.

எஸ்பிரெஸ்ஸோ கிடைக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கடையில் இருக்கும் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது. மோக்கா பாட்டில் ஒன்று, ஒன்றரை பாருக்குத்தான் வருகிறது. மேலே தங்க நிற நுரைப் படலம் வராது, அதற்காக இதை வாங்க வேண்டாம். நம் நாக்குக்கு இது தருவது வேறு: பில்டரின் முதல் டிகாஷனைவிடச் சற்றே காரமான, சூடான, புத்தம் புது டிகாஷன். பில்டர் டிகாஷனைப் பால் சேர்க்கும்போது திரும்பச் சுடவைக்க நேரும், வாசம் கொஞ்சம் போகும். இது இறங்கும்போதே கொதி சூட்டில் இருப்பதால் நேரே பாலில் ஊற்றலாம். ஒரு பங்கு டிகாஷனுக்கு ஒன்றரைப் பங்கு, போனால் இரண்டு பங்கு பால். தண்ணீர் கலக்காத பாலாக இருக்கட்டும், டபராவில் ஒருமுறை ஆற்றினால் வேண்டிய நுரை தானாக வரும். அம்மா வந்திருந்தபோது கொடுத்தேன். முதலில் அடுப்புப் பக்கமே வர மறுத்தவர், குடித்துவிட்டு "கும்பகோணத்துக் காபிக்கு உறை போடக் காணாது" என்றார், ஆனால் மறுநாளும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பராமரிப்பில் எனக்குத் தொல்லை கொடுத்தது தண்ணீர். எங்கள் பகுதி போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. கீழ்ப் பாகத்தின் உட்புறம் சீக்கிரமே வெள்ளை பூத்து, வால்வு முள்ளைச் சுற்றியும் படியத் தொடங்கியது. வால்வு அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை, தூள் இல்லாமல், எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு நன்றாக அலசிவிடுகிறேன். தினமும் கழுவுவதற்கு வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும். கம்பி நார் கூடாது. சோடா உப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் கூடவே கூடாது, காரம் பட்டால் அலுமினியம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். கழுவிய பிறகு மூன்று பாகத்தையும் தனித்தனியாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு திருகி வைத்தால் உள்ளே பூஞ்சை வாடை ஏறும். வாஷர் கெட்டிப்பட்டாலோ விரிசல் விட்டாலோ, ஆவி கசியும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். குக்கர் உதிரிபாகம் விற்கும் கடைகளில் இது அநேகமாகக் கிடைக்காது. அதே நிறுவனத்தின் வாஷரை, உங்கள் பாட்டின் கப் அளவைச் சொல்லி ஆன்லைனில் வாங்க வேண்டும். அலுமினியப் பாட்டுக்கும் ஸ்டீல் பாட்டுக்கும் வாஷர் அளவு வேறு, ஆர்டர் போடும் முன் பழையதைக் கழற்றி வெளி விட்டத்தையும் உள் விட்டத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.